பெட்டியின் அடியில் கிடந்த கம்பளி

பாரத நாடு ஒன்றே என்று வகுப்பில் பாடம் சொல்வது சுலபம். தெற்கேயிருந்து வடக்கே மலைக்குப் போவதற்கு ஒரு பெட்டி கட்டிப் பாருங்கள். அது எத்தனை நாடு என்று அப்போது தெரியும்!

2023-ஆம் வருஷம் மே மாதம் என் தாயாருடன் பத்ரிநாத் யாத்திரை கிளம்பினேன். சென்னையிலிருந்து டில்லிக்கு ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். அந்த மாதத்தில் நாகபுரி வழியாகப் போகிறவர்களுக்கு அடுப்பின்மேல் உட்கார்ந்து பிரயாணம் செய்யும் பாக்கியம் கிட்டும். ஆகையால் பருத்தித் துணிகளையெல்லாம் மேலே அடுக்கினேன், கம்பளிகள் அடியில். முதலில் தேவைப்படுவது மேலே இருக்கவேண்டும் என்பது என் தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை, பூகோளத்தில்தான் பிழை.

ஹரித்துவாரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்ரிநாத்தோ 3,100 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். அந்தக் கணக்கை என் பெட்டிக்குப் போட மறந்துவிட்டேன்.

மலைப்பாதையில் பெட்டி வண்டியின் கூரைமேல் தார்ப்பாய்க்கு அடியில் கட்டப்பட்டிருந்தது. ஜோஷிமடம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே வந்த சாரலில் தாயாரின் பருத்திப் புடவை நனைந்தது. "குளிருகிறதா, அம்மா?" என்றேன். "இல்லையப்பா, காற்றுத்தான்" என்றார். ஆனால் உதடுகள் நீலம் பாய்ந்து நடுங்கின. எனக்கு நெஞ்சு திக்கென்றது. வண்டியை நிறுத்திக் கொட்டும் மழையில் பெட்டியை இறக்கினோம். வேஷ்டி, துண்டு, சட்டை எல்லாம் வெளியே வந்தன. கம்பளி மட்டும் கடைசியில் வந்தது.

நனைந்த பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். கனமான உடுப்பு ஒன்றைக் காட்டிலும் மெல்லிய கம்பளி உடுப்புகள் இரண்டே மேல்; இடையில் சிக்கும் காற்றுத்தான் உண்மையான போர்வை. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடவும் செய்யலாம். இவற்றோடு ஒரு ஜோடி உலர்ந்த காலுறை, காதை மூட ஒரு மப்ளர், ஒரு மழைக்கோட்டு. அத்தனையும் நீர் புகாத உறையிலிட்டுக் கைப்பையில் இருக்கட்டும், கூரைமேல் வேண்டாம்.

தப்த குண்டத்து வெந்நீரில் ஸ்நானம் செய்தபோது தாயாருக்குச் சுகமாகவே இருந்தது. கரையேறியதும்தான் குளிர் பாய்ந்தது. நான் மடிக்கென்று பருத்திப் புடவையை நீட்டினேன்.

"பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பில்லை என்று உன் பாட்டி சொல்வாளே! இத்தனை படித்தும் அது தெரியவில்லையா?" என்று சொல்லிவிட்டுப் பட்டை உடுத்திச் சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

திரும்பும்போது பெட்டியைத் தாயாரே கட்டினார். ஹரித்துவாரத்து வெயிலில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. சால்வையைப் பெட்டிக்குள் வைக்கலாமே என்றேன். அவரோ அதை மடியிலிருந்து எடுக்க விடவில்லை.