பார்த்த படத்தையே பார்ப்பது வீண் பொழுதா?

"இதே படத்தை இன்னும் எத்தனை தரம் பார்ப்பீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்காத தமிழ் வீடு இல்லை. பெரியவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து பார்க்கிறார்கள். இதைப் பொழுதை வீணாக்கும் பழக்கம் என்று படித்தவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். கேலிக்கு முன் சற்று யோசிப்பது நல்லது.

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக அகத்தியர் மலையடிவாரம் சென்றால் போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்தவர்களில் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்கள். தோட்டம் நொடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். ஒழுகும் லயங்களிலேயே பல குடும்பங்கள் காலம் தள்ளின.

இப்படி வாழ்ந்த ஒருவருக்கு 1965 பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' ஏன் அலுப்பதில்லை என்பது புரியாத புதிரல்ல. சொத்துக்குக் காவலாக இருக்க வேண்டியவனே சொத்துக்குரியவனைச் சாட்டையால் அடிக்கிறான். அடிபட்டவனைப் போலவே இருக்கும் இன்னொருவன் வந்து, அதே சாட்டையைப் பிடுங்கிக் கணக்குத் தீர்க்கிறான். மூன்று மணி நேரத்தில் நியாயம் கிடைத்துவிடுகிறது. வாய்தா இல்லை, மேல்முறையீடு இல்லை. கண்டிச் சீமையில், கேரளக் குடும்பத்தில் பிறந்த எம்.ஜி.ஆரைத் தோட்டத்து மக்கள் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியதில் வியப்பென்ன?

தேயிலைத் தோட்டத்துத் துயரத்தையே சொன்ன படமும் உண்டு. 2013இல் பாலா இயக்கிய 'பரதேசி'. டாக்டர் பி.எச். டேனியலின் நாவலிலிருந்து பிறந்தது. நல்ல படம், ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டியது. ஆனால் நாளெல்லாம் அட்டைக்கடி பட்டவர் இரவில் அதைத் திரும்பப் போடமாட்டார். அவருக்கு நாகேஷின் சிரிப்பு வேண்டும், 'தில்லானா மோகனாம்பா'ளின் நாகசுரம் வேண்டும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. பம்பாயில் மராத்தா மந்திர் தியேட்டரில் 1995இல் திரையிட்ட ஒரே இந்திப் படம் இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது மீண்டும் கூட்டம் சேர்ந்தது. முடிவு தெரிந்த கதையில் மனத்துக்கு ஓர் ஓய்வு கிடைக்கிறது. அயலூரில் வேலை பார்ப்பவனுக்கு நாளைய கதை தெரியாது. படத்தின் கதையாவது தெரியட்டுமே!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. படத்தில் கதாநாயகன் தானாக வருவான், தோட்டத்துக்கு வரமாட்டான். நிலுவைப் பணத்தைச் சங்கமும் மனுவும் வழக்கும்தான் வாங்கித் தரவேண்டும். ஆகவே இரவில் படம் பார்க்கட்டும், யாரும் தடுக்க வேண்டாம். விடிந்ததும் சங்கக் கூட்டத்துக்கும் தவறாமல் போகட்டும்.