ஏர்கோன் பெரிதாக இருந்தால் போதுமா?



ஜொகூர் பாருவில் கடை திறக்கும் நம்மவர்கள் ஏர்கோன் குத்தகையாளரிடம் கேட்பது "எத்தனை ஹார்ஸ்பவர், என்ன விலை?" என்பதுதான். "பெருசாவே போட்டுடலாம்ணே" என்று பதில் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் வம்பே அங்கேதான் தொடங்குகிறது. தேவைக்கு மிஞ்சிய ஏர்கோன் சட்டெனக் குளிரூட்டிவிட்டு கம்பிரசரை நிறுத்திவிடும்; காற்றின் ஈரத்தை நீராக்கி வடிக்க அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு போகாது. அப்புறம் சுவரில் பூஞ்சை, துணிக்கடை என்றால் சரக்கிலும் வாடை.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010ஆம் ஆண்டு உள்ளரங்கக் காற்றுத்தர நடைமுறைக் கோவை, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்கச் சொல்கிறது. இதை எத்தனை குத்தகையாளர்கள் வாய்திறந்து சொல்கிறார்கள்?

மேற்கு வெயில் விழும் கண்ணாடி, அடுப்பு, வந்துபோகும் கூட்டம் எதையும் கணக்கிடாமல் வாசலில் நின்றபடியே விலை சொல்பவரை அப்படியே அனுப்பிவிடலாம். சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சர்வீஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கெமிக்கல் வாஷ் யார் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மாநிலத்தின் இந்திய வணிகச் சங்கங்கள் இதற்கென ஒரு விளக்கக் கூட்டம் நடத்தலாமே?

கடைக்காரர் ஒருவர்,
ஸ்கூடாய், ஜொகூர்