கொத்தனார் மகன் ஆர்க்கிடெக்ட் ஆகக் கூடாதா?

லண்டனில் உள்ள பாங்க் ஆப் இங்கிலாந்துக்கு 1788 முதல் 45 வருஷம் ஆர்க்கிடெக்டாக இருந்தவர் ஜான் சோன். கட்டடம் எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானித்துப் படம் போடுகிறவர்தான் ஆர்க்கிடெக்ட். பண மூட்டைகளின் அந்தக் கோட்டைக்குப் படம் போட்டவர் யாருடைய பிள்ளை? ஒரு கொத்தனாரின் பிள்ளை! 1768-ல், 15 வயதில், ஜார்ஜ் டான்ஸ் என்ற ஆர்க்கிடெக்டிடம் சேர்ந்து, வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்றார். பிறகு ராயல் அகாடமி பள்ளியிலும் படித்தார்.

அது பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. தொழில் பழக வரும் பையனின் தகப்பனார் பெரும்பாலும் எஜமானனுக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஆனாலும் அப்படி ஒரு வாசல் இருந்தது.

1958-ல் ஆக்ஸ்போர்டில் கூடிய ஆர்க்கிடெக்டுகளின் மாநாடு, இனி இந்தத் தொழிலைச் சர்வகலாசாலையில்தான் கற்க வேண்டும், ஆபீசில் பழகும் முறை ஒழிய வேண்டும் என்று வழி வகுத்தது. தரம் உயர வேண்டுமாம். தரம் வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொன்னான்? ஒழுகும் வீட்டில் குடியிருப்பவன் அவன்தானே! ஆனால் படிப்பும் பயிற்சியுமாக 7 வருஷம் பிடிக்கிறது. இங்கிலாந்தில் கல்லூரிக் கட்டணம் 2025-26-ல் வருஷத்துக்கு 9,535 பவுண்டு வரை. இதை எந்தக் கொத்தனார் கட்டுவார்?

2018-ல் அப்ரண்டிஸ் வழி மறுபடி திறந்தது. வாரத்தில் நான்கு நாள் ஆபீசில் சம்பளத்துக்கு வேலை, ஒரு நாள் சர்வகலாசாலையில் படிப்பு. கட்டணம் மாணவன் தலையில் இல்லை. வருஷச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் 2017 முதல் வசூலிக்கும் அரை சதவிகித வரிதான் இதற்கு ஆதாரம். (அப்ரண்டிஸ் என்ற பெயரில் கூலியைக் குறைக்கும் வித்தையை மில் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கும் முதல் வருஷத்துக்குக் குறைந்தபட்சக் கூலி தாழ்வுதான்.)

இப்போது என்ன நடந்திருக்கிறது? ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைத் தருவது 7-ம் நிலைப் பயிற்சி. 2026 ஜனவரி முதல் அதில் புதிதாகச் சேருகிறவர் 21 வயதைத் தாண்டியிருந்தால், சில விலக்குகள் தவிர, சர்க்கார் பணம் கிடையாது. முதலாளி இஷ்டப்பட்டால் கொடுக்கலாம்! இளம் பிள்ளைகளின் ஆரம்பப் பயிற்சிக்குப் பணம் வேண்டும் என்பது தொழிற்கட்சி சர்க்காரின் வாதம்.

கணக்குப் பார்ப்போம். 18 வயதில் முதல் கட்டத்தில் சேருகிற பையனோ பெண்ணோ, நான்கு வருஷம் கழித்து அதை முடிக்கும்போது வயது 22. கீழ்ப்படியில் ஏற்றிவிட்டு மேல்படியை உருவிக்கொள்கிறார்கள். இருபத்தைந்து வயது வரை செங்கல் அடுக்கிவிட்டுப் படிக்க வருகிறவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இளம் பிள்ளைகளுக்குப் பணம் தேவைதான், நாம் மறுக்கவில்லை. அதற்கு முதலாளியின் அரை சதவிகிதத்தை ஒரு சதவிகிதம் ஆக்கட்டுமே! ஒரு தொழிலாளியின் பிள்ளைக்குக் கொடுக்க இன்னொரு தொழிலாளியின் பிள்ளையிடமிருந்து ஏன் பிடுங்க வேண்டும்?