கையை வெச்சா வாரண்டி போயிருமா?

திருப்பூர்—
ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு. ஸ்பேனரும் கையுமாகப் புது வண்டிக்கு ஆயில் மாற்ற உட்காருகிறார் ஒருவர். "ஏனுங்க, கையை வெச்சா வாரண்டி போயிருமுங்களே!" என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

போகுமா?

2014 ஆகஸ்டு 25-ந் தேதி இந்திய போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் போட்டது. ஒரிஜினல் உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் விவகாரம். வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டியே ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது; தப்பான வேலையால் கெட்டுப் போனதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. துணியில் கறை விழுந்தால் நிட்டிங்கா, டையிங்கா என்று பார்த்துத்தானே டெபிட் போடுகிறார்கள்? அதே கணக்குதான்!

அபராதத்தை எதிர்த்துச் சில கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. அந்த வழக்கு கார் பற்றியது, வெளி மெக்கானிக் பற்றியது. டூவீலர்காரர் அதைக் காட்டி ஷோரூமில் சண்டை போட முடியாது. நியாயம் என்னவோ ஒன்றுதான்.

என்ஜின் ஜாம் ஆனால் முதல் கேள்வி, "என்ன ஆயில் ஊத்துனீங்க?" வாய்ப் பதில் செல்லாது. கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயில் வாங்கிய பில் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர் இரண்டையும் நோட்டில் குறித்திருக்க வேண்டும். பில் போடாத கடையில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவருக்கு இங்கேதான் வம்பு! இலவச சர்வீசையும் தவற விடக்கூடாது. கார்டில் முத்திரை இல்லையென்றால் அதுவே சாக்கு. ஒயரை வெட்டி ஹாரன் மாட்டுவது வேறு கதை.

அப்படியும் மறுத்தால்? 2019 நுகர்வோர் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.