மாற்றல் உத்தரவா? காரணம் கேளுங்கள்!

தாராவியில் தோல் பதனிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று மராட்டிய அரசில் எழுத்தர்கள். பெருமைப்படுகிறோம். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கும் நவம்பரில் மாற்றல் உத்தரவு வந்தால், வாய் திறக்காமல் பெட்டி கட்டுகிறார்களே, ஏன்?

2005ஆம் ஆண்டின் மாநில மாற்றல் சட்டம் வழக்கமான பணிக்காலம் 3 ஆண்டு என்கிறது. மாற்றலுக்குரிய மாதங்கள் ஏப்ரலும் மேயும். பணிக்காலம் முடியுமுன் மாற்றினால் சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிந்து, அடுத்த மேலதிகாரியின் முன் அனுமதி பெற வேண்டும்.

பதவி உயர்வோடு வரும் மாற்றலை மறுக்கச் சொல்லவில்லை. மறுத்தவர்கள் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றதை ரயில்வேயில் நாம் பார்த்தவர்களாயிற்றே! காரணமற்ற மாற்றலுக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்காதீர்கள். உத்தரவு நகலோடு ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள், மனு எழுதுவோம்.