மரம் நடுவோனுக்கு மண் எங்கே?

மலைநாட்டுக் கோப்பி மீண்டும் பேசப்படும் பொருளாகியிருக்கிறது. கொழும்பின் உயர்தரக் கடைகளிலே அதற்குத் தனி மதிப்பு உண்டாகியிருக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கோப்பி நடும்படி குடியானவரை ஊக்குவிக்கின்றது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நோயினால் அழிந்த பயிர் மறுபடியும் தளிர்க்குமாயின் அதனை வரவேற்காதார் யார்? நாமும் வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்கும்போதே ஒரு கேள்வியையும் எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம். இக்கோப்பி யாருடைய மண்ணில் வளரப்போகிறது?

கண்டி, மாத்தளை மலைச்சரிவுகளில் உள்ள பழைய சிங்களக் கிராமம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பள்ளத்திலே படிபடியாக வயல், மேட்டிலே வீடு, வீட்டைச் சூழ்ந்து பலாவும் கமுகும் மிளகுக்கொடியும், அவற்றின் நிழலிலே கோப்பிச் செடிகள். மழை பெய்து சில நாட்களில் செடிகள் ஒருசேர வெள்ளைவெளேரெனப் பூத்து மல்லிகை போல மணக்கும். எட்டொன்பது திங்களில் காய் செம்பழமாகும். அதனைப் பறித்து, முற்றத்துப் பாயிலே உலர்த்தி, உரலிலே குற்றி, வீட்டுக்குப் போக எஞ்சியதைக் கடைக்கு விற்றுக் கைச்செலவுக்குக் காசு காண்பது கிராமத்தான் வழக்கம். ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றுமுன்பே கோப்பி இம்மலைகளில் இருந்தது. அதன் பூவை விகாரைக்குப் படைத்தார்கள் என்றும், இலையைக் கறிக்குச் சேர்த்தார்கள் என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. பின்னர் பெருந்தோட்டங்கள் தோன்றிய காலத்திலும், ஏற்றுமதியான கோப்பியில் கணிசமான பங்கு இத்தகைய வீட்டுத் தோட்டங்களிலிருந்தே சென்றது.

1820களிலே கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் தாமே பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். ஆள்பவனே தோட்டக்காரனாகிவிட்டால் சட்டம் யார் பக்கம் சாயும்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரிய சொத்தாகக் கருதியது. உறுதி காட்ட இயலாத கிராமத்தவனின் சேனைக் காடும் மேய்ச்சல் வெளியும் கைமாறின. ஏக்கர் ஐந்து சிலின் என்ற மலிவு விலைக்கு மலைகள் விற்கப்பட்டன. கிராமத்துக்கு எஞ்சியவை வீடும் வீட்டைச் சூழ்ந்த வளவும் பள்ளத்து வயலுமே.

அம்மலைகளிலே உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து நம்மவர் வந்தார்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து, மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக அவர்களைத் தின்றன. காட்டை அழித்து, கன்று நட்டு, பழம் பறித்து, தலைச்சுமையாகச் சுமந்தவர் அவர்களே. அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடமோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்களை வரிசையாக அடுக்கிய லயம். ஆக, ஒரே மலையில் இரு குடியிருப்புகள் உண்டாயின. ஒன்றிலே மனிதனுக்கு மண் குறைவாக இருந்தது. மற்றதிலே மண்ணே இல்லை.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைநோய் காணப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய அந்நோய், இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பியைக் குலைத்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியே முறிந்தது. நோய்க்கு இனபேதம் தெரியாது. கிராமத்தவனின் செடியையும் அது விடவில்லை. ஆனால், செடி பட்டபின்பும் கிராமத்தவனுக்குக் காலின் கீழ் நிலம் இருந்தது. பலாவும் மிளகும் வயலும் அவனைத் தாங்கின. துரைமாருக்கோ, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே தொடங்கிய தேயிலை வழிகாட்டிற்று. நம் தொழிலாளிக்கு என்ன இருந்தது? கோப்பிக்கு ஒரு பருவம். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து. ஆகவே பருவத்துக்கு வந்து போனவர்கள் நிரந்தரமாகத் தங்கினார்கள். பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

இதன்பின் நடந்தவற்றை இவ்வேட்டின் வாசகர்கள் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கூடி, ஆடுமாடுகளைப் பங்கிடுவதுபோல, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் ஒருவாறு முடிவுக்கு வந்தது. வாக்குச்சீட்டு வந்தது, காணி உறுதி வரவில்லை. தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அரசுக்கும் கம்பனிக்கும் இடையே காணி கைமாறிய வேளைகளில் அதிலே வாழ்பவனை எவரும் ஒரு பங்காளியாகக் கருதவில்லை.

கோப்பிக் கன்றின் இயல்பைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். நட்ட மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டிலேதான் அது பயன் தரும். பிறகு பல ஆண்டுகள் பழுக்கும். மூன்றாண்டு காத்திருப்பவன் யார்? நாளையும் இந்நிலம் தன்னுடையதே என்ற உறுதி உள்ளவன். லயத்தின் ஓரத்திலே நம் மக்கள் கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் இட்டிருப்பதைக் காணலாம். அவையெல்லாம் சில மாதப் பயிர்கள். நிருவாகத்தின் தயவில் வாழ்பவன் மரம் நடமாட்டான். அறுவடைக்கு முன் தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்வார்களோ என்ற அச்சம் அவனுடைய பயிரையும் குறுக்கிவிடுகிறது. மலையக இளைஞர்கள் சோம்பிக் கொழும்புக்கு ஓடுகிறார்கள் என்று பழிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். வேரூன்ற இடமில்லாத இடத்தில் கன்றும் நிற்பதில்லை, காளையும் நிற்பதில்லை.

காணியைத் துண்டாடினால் பெருந்தோட்டம் அழியும், அந்நியச் செலாவணி குறையும் என்று கம்பனிகள் சொல்லக்கூடும். இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக இன்று உற்பத்தி செய்பவர்கள் சிறுதோட்ட உடைமையாளர்களே. அவர்களால் செலாவணி குறைந்ததா? சொந்த மண்ணில் சிறு உழவன் கண்ட வெற்றியைத் தெற்கிலே மெச்சுகிறவர்கள், மலையிலே மட்டும் அதனைக் கண்டு அஞ்சுவது ஏன்? கண்டிச் சிங்களக் கிராமத்தவனின் காணிப் பசியைத் தூண்டிவிட்டு, அதனைத் தமிழ்த் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பும் அரசியலும் பழையதே. 1840ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்தவனிடம் பறித்த மலையைத் தொழிலாளிக்குக் கொடுக்கவில்லை. இருவரும் ஒரே அநீதியால் இரு விதமாக வஞ்சிக்கப்பட்டவர்கள். ஆகவே இருவர்க்கும் நீதி ஒருங்கே கிடைக்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று முன்பு பேசினார்கள். நூற்றறுபது பேர்ச்சஸ் கொண்டது ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சஸில் ஒரு வீடு எழும்; வாழை நாலு நிற்கும்; வாழ்க்கை நிற்காது. கைவிடப்பட்டும் காடுபற்றியும் கிடக்கும் தோட்டக் காணிகளிலிருந்து குடும்பமொன்றுக்குக் கால் ஏக்கராவது, கணவன் மனைவி இருவர் பெயரிலும், சட்டப்படி செல்லும் உறுதியோடு வழங்கப்படல் வேண்டும். மண்சரிவு அஞ்சும் சரிவுகளைத் தவிர்த்து, தக்க இடம் தெரிந்து வழங்கப்படல் வேண்டும். அதன்பின் கன்றும் மானியமும் கொடுக்கட்டும். அதுவரை மலைநாட்டுக் கோப்பியின் மறுவாழ்வு என்பது, அதனை முதன்முதல் பெருந்தோட்டமாக்கிய மக்களை வாசலில் நிறுத்திவிட்டு நடத்தும் விருந்தேயாகும்.

பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. சம்பள உயர்வுக்காகப் போராடுங்கள், அது தேவையே. ஆனால் சம்பளம் மாத முடிவில் தீர்ந்துவிடும். காணி பேரப்பிள்ளைக்கும் சேரும். அடுத்த தேர்தல் மேடையிலே வாக்குக் கேட்க வருபவரிடம் தொழிலாளி கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: என் வாசலில் ஒரு கோப்பிக் கன்று நட எனக்கு உரிமை எப்போது?