வகுப்புக் கேமரா எது? என் ஓட்டு கே 1000-க்கே!



பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாசமா ஒரே பேச்சு. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கி, அதை வகுப்புக்குப் பொதுவா வச்சுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எந்தக் கேமரா என்பதில்தான் சண்டை. ஜன்னலோர பெஞ்சு கேனான் கட்சி. கடைசி பெஞ்சு நிக்கான் கட்சி. "செல்போன் இருக்கும்போது இது எதுக்குடா?" என்று கேட்கிற கட்சியும் உண்டு. நான் பெண்டாக்ஸ் கே 1000 கட்சி. இப்போதைக்கு இந்தக் கட்சியில் நான் ஒருவன்தான்! ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எஸ்.எல்.ஆர். என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் உள்ளே சாய்வா நிற்கிற ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போகும். அங்கே இருக்கிற ஐந்து பக்கப் பட்டகம் அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். அதனால் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையேதான் நாமும் பார்க்கிறோம். பட்டனை அழுத்தினதும் கண்ணாடி மேலே தூக்கும், ஷட்டர் திறந்து மூடும், ஃபிலிமில் படம் பதியும். 'டக்' என்று கேட்கிற சத்தம் அதுதான்.

இதில் லென்ஸைக் கழட்டி வேற மாட்டலாம். லென்ஸ் போக மிச்சம் இருக்கிற உடம்பைத்தான் 'பாடி' என்கிறார்கள். நம்ம சண்டை பாடியைப் பற்றித்தான்.

மற்ற கட்சிகளுக்கு என் பதில்

கேனான் ஏ.இ. 1: 1976-ல் வந்தது. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் முதன்முதலா மைக்ரோ பிராசஸர் வச்சது இதில்தான். பார்க்க அழகு. நாம ஷட்டர் வேகத்தை வச்சால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கும். நல்ல கேமரா, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே விழாது. அந்த பேட்டரி எல்லாக் கடையிலும் கிடைக்காது. உள்ளே இருக்கிற சர்க்யூட் போயிட்டால், இன்னொரு ஏ.இ. 1-ஐப் பிரித்துத்தான் எடுத்து வைக்கணும்.

நிக்கான் எஃப்.எம். 2: 1982-ல் வந்தது. ஷட்டர் வேகம் 1/4000 வரை போகும். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த 'ஆப்கன் சிறுமி' படம் இந்தக் கேமராவில் எடுத்ததுதான். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த படம் அது. பேட்டரி இல்லாமலும் ஓடும். குறை சொல்ல முடியாத பாடி. ஒரே குறை, விலை! பேர் வாங்கின கேமரா என்பதால் பழசுக்கும் நல்ல விலை சொல்கிறார்கள். நம்ம வகுப்புப் பணம் பாடிக்கே போயிடும், லென்ஸுக்கும் ரோலுக்கும் யார் கொடுப்பது?

ஜெனித் ஈ: சோவியத் தயாரிப்பு. பேட்டரியே வேண்டாம், மீட்டர் வெளிச்சத்திலேயே ஓடும். கையில் எடுத்தால் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் ஷட்டர் வேகம் 1/30-ல் இருந்து 1/500 வரைதான். சாயங்காலம் மரத்தடியில் 1/15 வேணும் என்றால் அதில் கிடையாது.

நிக்கான் எஃப்.எம். 10: 1995-ல் வந்தது. நிக்கானுக்காக கோசினா கம்பெனி செய்து கொடுத்தது. போட்டோகிராஃபி படித்த நம்ம ஊர் அண்ணன்கள் பலருக்கு முதல் கேமரா. என்னுடைய ரெண்டாவது ஓட்டு இதுக்குத்தான். ஆனால் பாடி பிளாஸ்டிக். 34 பேர் கை மாறுகிற கேமராவுக்கு அது தாங்குமா என்று யோசிக்கணும்.

கே 1000 ஏன்?

1976-ல் இருந்து 1997 வரை 21 வருஷம் விற்பனையில் இருந்த கேமரா இது. முதலில் ஜப்பானிலும், பிறகு ஹாங்காங்கிலும், கடைசியில் சீனாவிலும் செய்தார்கள். மொத்தம் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. உலகம் பூரா பள்ளிக்கூடம், காலேஜ்களில் போட்டோ பாடம் படித்த பிள்ளைகள் கையில் இருந்தது இதுதான்.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதை விட, என்ன இல்லை என்று கேட்பது சுலபம். ஆட்டோமேட்டிக் ஒன்றும் இல்லை. செல்ஃப் டைமர் இல்லை. மீட்டருக்கு ஆன் ஆஃப் சுவிட்ச் கூட இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துகிட்டே இருக்கும். இருப்பது நாலே நாலு: ஷட்டர் வேகத்துக்கு ஒரு திருகு, லென்ஸில் அப்பர்ச்சர் வளையம், ஃபோகஸ் வளையம், உள்ளே ஒரு ஊசி. ஊசி நடுவில் நின்றால் வெளிச்சம் சரி. மேலே போனால் ஜாஸ்தி, கீழே போனால் கம்மி. ஊசிக்கு வேண்டியது வாட்ச் கடையில் கிடைக்கிற ஒரே ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்து போனாலும் ஷட்டர் 1 செகண்டில் இருந்து 1/1000 வரை எல்லா வேகத்திலும் வேலை செய்யும்.

இதைக் குறை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் இதைத்தான் பெருமை என்கிறேன். கேமரா யோசிக்காததால் நாம யோசிச்சே ஆகணும்.

உதாரணம் சொல்கிறேன். நம்ம மலைக்கோட்டைப் பாறையை உச்சி வெயிலில் எடுக்கப் போகிறோம். மீட்டரே இல்லை என்று வச்சுக்குங்க. நல்ல வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: அப்பர்ச்சரை 16-ல் வச்சு, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கணும். 100 ஃபிலிம் என்றால் 1/125. 200 ஃபிலிம் என்றால் 1/250. திண்டுக்கல்லில் வெயிலுக்குப் பஞ்சமா? வருஷத்தில் பாதி நாள் இந்தக் கணக்கிலேயே ஓட்டிடலாம்!

இன்னொன்று. பூ மார்க்கெட்டில் மல்லிகைப்பூக் குவியலை எடுக்கிறீர்கள். ஊசியை நடுவில் வச்சு எடுத்தால் பூ அழுக்கு வேட்டி மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். ஏன்? மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். அதனால் வெள்ளைப் பூவுக்கு ஒரு படி வெளிச்சம் கூட்டணும். எருமை மாட்டுக்கு ஒரு படி குறைக்கணும். செல்போன் இதை நமக்குத் தெரியாமலேயே செய்துவிடுகிறது. படம் வந்துவிடும், பாடம் வராது.

பூட்டும் கேமராவும்

நம்ம ஊர் பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சொல்வது பூட்டு, அப்புறம்தான் பிரியாணி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டில் என்ன விசேஷம்? உள்ளே லீவர்கள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் திறக்கும். கெட்டுப் போனால் பட்டறைக்காரர் பிரித்து, அரத்தால் ராவி, திரும்ப மாட்டிக் கொடுப்பார். கையால் செய்த பொருளைக் கையால் சரி பண்ண முடியும்.

கே 1000-ம் அந்த ஜாதிதான். உள்ளே பல் சக்கரம், ஸ்பிரிங், நெம்புகோல், துணி ஷட்டர். ஷட்டர் வேகம் மந்தமானால் சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டால் பெரும்பாலும் சரியாகும். 30 லட்சம் பாடி விற்றதால், செத்துப் போன ஒன்றில் இருந்து பார்ட்ஸ் எடுத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுக்க முடியும்.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் நாம கவலைப்படணும். கையால் பூட்டு செய்கிறவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மெஷின் பூட்டு மலிவு என்று நாமே அதை வாங்குகிறோம். ஃபிலிம் கேமராவைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் இன்றைக்குப் பெரும்பாலும் வயசானவர்கள்தான். ரிப்பேருக்கு யாரும் போகாவிட்டால் அவர்கள் அந்த வேலையைத் தொடர மாட்டார்கள். அந்தக் கை ஓய்ந்துவிட்டால் எஃப்.எம். 2-ம் ஒன்றுதான், கே 1000-ம் ஒன்றுதான், ரெண்டும் ஷோகேஸ் பொம்மை. நம்ம தமிழ்நாட்டிலேயே ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் ஆரம்பித்து 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்தார்கள். அது இன்றைக்கு இல்லை. தொழிற்சாலையை நம்மால் திறக்க முடியாது. ஒரு ரிப்பேர்க்கார மாமாவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நம்மால் முடியும்.

'காசு வீண்' கட்சிக்கு

ரோல் விலை ஜாஸ்தி, கழுவ வேற செலவு என்கிறீர்கள். உண்மைதான். அதனால்தான் ஆளுக்கொரு கேமரா என்று சொல்லாமல் வகுப்புக்கு ஒன்று என்கிறேன். ஒரு ரோலில் 36 படம். வகுப்பில் 34 பேர். ஆளுக்கு ஒரே ஒரு படம்! மீதி ரெண்டில் ஒன்று வகுப்பாசிரியருக்கு, ஒன்று நம்ம வாட்ச்மேன் தாத்தாவை எடுக்க. ஒரு படம்தான் என்றால் எதை எடுப்பது என்று ஒரு வாரம் யோசிப்போம். செல்போனில் ஒரே நாளில் 300 படம் எடுக்கிறோமே, அதில் எதையாவது ஒரு நிமிஷம் யோசித்து எடுத்திருக்கிறோமா?

கறுப்பு வெள்ளை ரோலை நாமே கழுவலாம். வேண்டியது ஒரு டேங்க், வெளிச்சம் புகாத பை, டெவலப்பர், அப்புறம் ஹைப்போ. ஹைப்போ என்றால் வேறொன்றும் இல்லை, கெமிஸ்ட்ரி லேபில் இருக்கிற சோடியம் தயோசல்பேட்தான். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். கெமிஸ்ட்ரி சார் மனசு வைத்தால், ஒரு பாடவேளையில் ஒரு ரோலும் முடியும், ஒரு பாடமும் முடியும்.

பாடி மட்டும் போதுமா?

போதாது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது போல, கேமராவைக் குறை சொல்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு ஒரு பெயரை ஞாபகப்படுத்துகிறேன்: மா. கிருஷ்ணன் (1912-1996). திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பேர் வாங்கியவர். அவர் கேமராவில் பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் வேற கம்பெனி. தானே பொருத்திக் கட்டின அந்தக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாப் பேர் வேற வச்சிருந்தார். யானை எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டா போஸ் கொடுத்தது?

வாங்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

1. பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் அழுத்திப் பாருங்கள். 1 செகண்டுக்கும் 1/8-க்கும் வித்தியாசம் காதுக்கே தெரியணும்.
2. மூடி ஓரத்தில் இருக்கிற ஸ்பாஞ்சு தொட்டால் பிசுபிசு என்று ஒட்டினால் மாற்றணும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து ரோல் கெடும்.
3. லென்ஸுக்குள் ஒட்டடை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வேண்டவே வேண்டாம்.
4. பேட்டரி அறையில் பச்சையா உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள்.
5. வாங்கின பிறகு பைக் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள். நம்ம ஊர் சூட்டுக்கு ரோல் தாங்காது.

எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? ஆன்லைனில் தேடுவதற்கு முன்னால் வீட்டில் கேளுங்கள். பெரியப்பா பீரோவில், மூடிப்போன ஸ்டுடியோ அண்ணனின் அலமாரியில், துணி சுற்றின கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அது கே 1000-ஆக இருக்கணும் என்று அவசியம் இல்லை. ஓடுகிற எஃப்.எம். 10 சும்மா கிடைத்தால், என் கட்சியைக் கலைத்துவிட்டு அதை ஏற்றுக்கொள்ள நான் தயார்! எனக்கு வேண்டியது மூன்றே விஷயம். பேட்டரி இல்லாமல் ஓடணும், நம்மை யோசிக்க வைக்கணும், கெட்டால் பக்கத்தில் யாராவது சரி பண்ணித் தரணும். பணம் கொடுத்து வாங்குவதானால் இந்த மூன்றும் நம்ம பணத்துக்குள் கிடைப்பது கே 1000-ல்தான் என்பது என் கருத்து.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஓட்டெடுப்பு. அதற்குள் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டு வாருங்கள்: "நம்ம தெருவில் கேமரா ரிப்பேர் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" அந்தப் பெயர் கிடைத்தால் எந்தக் கட்சி ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷமே.



– பதினொன்றாம் வகுப்பு மாணவன்

(மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுக்கலாம். பென்சிலால் இதன் மேலேயே எழுத வேண்டாம்!)